முருங்கையும் முப்பத்தாறு அடியும்

முதுகெலும்பு முறிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில் சாதி, சொத்து, படிப்பு எதுவும் செல்லாது. ஒரே கேள்விதான்: "எதுலேர்ந்து விழுந்தீங்க?" அதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் மரியாதை. என் இடப்பக்கக் கட்டிலில் பனையிலிருந்து விழுந்தவர். வலப்பக்கம், கிணற்றில் தூர் வாரும்போது கயிறு அறுந்து விழுந்தவர். எதிரே, பெரம்பலூர் நான்குவழிச் சாலையில் லாரியோடு கவிழ்ந்த டிரைவர். எல்லாரும் உழைக்கப் போன இடத்தில் விழுந்தவர்கள். என் முறை வந்தபோது, "முருங்கை மரம்" என்றேன்.

வார்டில் சற்று நேரம் பேச்சில்லை. கழுத்துப்பட்டை போட்டிருந்த பனைக்காரர் கூரையைப் பார்த்தபடியே, "முருங்கையில வேதாளந்தானய்யா ஏறும்" என்றார். வீட்டுக்கு அனுப்பும் நாள் வரை எனக்கு அதுதான் பெயர். நர்ஸ் அம்மா உட்பட யாரும் வேறு பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை.

முருங்கைக் கிளை நம்பத் தகுந்ததல்ல என்பது தமிழ்நாட்டில் தவழும் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மரம் நின்றது மாமியார் வீட்டில், அரியலூரில். நான் பெரம்பலூர்க்காரன். இந்த இரண்டு ஊரின் உறவு வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவு எளிதில் பிடிபடாது. 1995இல் திருச்சியை விட்டுப் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001இல் பெரம்பலூரை விட்டு அரியலூர் பிரிந்தது. 2002இல் திரும்பி வந்து சேர்ந்தது. 2007 நவம்பர் 23இல் மறுபடியும் பிரிந்தது. என் மனைவி தாய்வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போனதும் வந்ததும் போனதும் ஏறத்தாழ இதே ஒழுங்கில்தான் நடந்தன; அரசாங்கத்துக்கு எப்படித் தகவல் போனதோ தெரியாது. இப்படிப்பட்ட ஊரில், மச்சான் தொரட்டியை எடுத்து நீட்டி, "மாமா, கீழ நின்னே பறிச்சிரலாம்" என்று சொன்னால், பெரம்பலூர்க்காரன் எப்படி வாங்குவான்?

கீழே கிடந்தபோது வலித்ததைவிட ஆச்சரியம்தான் அதிகம். இடுப்புக்குக் கீழே என்னுடையது என்று எதுவும் இல்லை. சுற்றிக் கூட்டம். ஒருவர் தூக்கி உட்கார வைக்கச் சொன்னார். ஒருவர் சோடாவுக்கு ஓடினார். ஒரு பெரியவர் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார், அது வலிப்புக்கு. மாமியார், "எழுந்து நில்லுங்க மாப்ள, ஒண்ணுமில்ல" என்றார், ஏதோ நான் பந்தியில் சாப்பிட்டுவிட்டு எழச் சங்கடப்படுவது போல. அத்தனை பெரியவர்களுக்கு நடுவில், ஒன்பதாவது படிக்கும் மச்சான் மகள்தான், "யாரும் மாமாவ அசைக்காதீங்க, 108க்குப் போன் பண்ணியாச்சு" என்று கத்தினாள். வந்தவர்கள் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி என்னை உருட்டிப் பலகையில் ஏற்றினார்கள். அந்தப் பெண் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இரண்டு மச்சான்கள் ஆளுக்கொரு பக்கம் அள்ளிக் குட்டி யானையில் போட்டு, மிச்சம் இருந்ததையும் முடித்திருப்பார்கள், பாசத்தோடு.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது. அதைப் பற்றி விசாரித்த மகன் சோர்ந்து போய் வந்தான். முருங்கை மரம் நெடுஞ்சாலையில் இல்லை.

டி10 என்றார்கள். முதுகெலும்புத் தொடரில் நெஞ்சுப் பகுதியின் பத்தாவது எலும்பு நொறுங்கி, உள்ளே போகும் தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. கம்பியும் திருகாணியும் வைத்து எலும்பை நிமிர்த்தினார்கள். "எலும்பு கூடும். நசுங்கின தண்டுவடத்தைப் பழையபடி ஆக்க உலகத்துல எங்கேயும் இன்னும் வழி இல்லை" என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நான் அதைவிடப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பொங்கலுக்குள்ள நடந்துருவேனா, இல்ல சித்திரைக்கா?" என்றேன். உரக்கடை வைத்திருப்பவன் நான். எந்த விலையையும் பேரம் பேசினால் குறையும் என்பது என் தொழில் நம்பிக்கை. டாக்டர் குறைக்கவில்லை.

சில வாரங்களில் வலது கால் தானாக ஓர் உதை உதைத்தது. வீடே கொண்டாடியது. மாமியார் அப்போதே சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அந்தக் கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும். என் கால் உதைத்தது செவ்வாய்க்கிழமை; அப்போதே எனக்குச் சந்தேகம். விசாரித்தால், அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் செத்துப் போவதில்லையாம். மூளையின் உத்தரவு வராததால், ஒரு கொசு கடித்தாலும் படுக்கைவிரிப்பு உரசினாலும் தானாக முடிவெடுத்து உதைக்குமாம். மேலிடம் இல்லாவிட்டால் கிளைக் கழகம் என்ன செய்யுமோ அதுதான். மாமியாரிடம் இதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. இன்றும் கால் உதைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

பார்க்க வந்தவர்கள் தனி அத்தியாயம். எங்கள் மாவட்டத்தின் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் சேர்ந்து கல்லாகிப் போன அடிமரம், 18 மீட்டர் நீளம். அதைப் பார்க்க வருகிறவர்களைவிட என்னைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். கல்மரத்துக்குக் கம்பிவேலி உண்டு; எனக்கு இல்லை. வந்தவர்கள் என்னிடம் பேசாமல் மனைவியிடம், "சாப்பிடுறாரா? தூங்குறாரா? பேச்சு தெளிவா இருக்கா?" என்று கேட்டார்கள். அடிபட்டது முதுகில்தான், வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று நானே சொன்னபோது, "பாவம், எப்படிப் பேசுறாரு பாரு" என்று அதற்கும் அழுதார்கள். போகும்போது ஒவ்வொருவரும் ஹார்லிக்ஸ் வைத்துவிட்டுப் போனார்கள். முறிந்த தண்டுவடத்துக்கும் ஹார்லிக்சுக்கும் என்ன தொடர்பு என்று இதுவரை எந்த டாக்டரும் விளக்கவில்லை.

இரவுகளைப் பற்றி இப்படிச் சிரித்துக்கொண்டு எழுத வராது. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கம் கிடந்தால் ரத்தம் ஓடாமல் புண் வரும், எலும்பு தெரியும் அளவுக்குப் போகும். அதனால் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். மனைவி அலாரம் வைத்துக்கொண்டு எழுவாள். இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை தண்டுவடம் முறிந்த பெரும்பாலானோர் ஓரிரு ஆண்டுக்குள் இறந்தார்கள். கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்க் கிருமியும். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் தண்டுவடப் பிரிவுக்கு 1944இல் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன்தான், இரவும் பகலும் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்று அந்தச் சாவை நிறுத்தினார். அங்கே ஒரு படையே திருப்பியது. எங்கள் வீட்டில் ஒருத்தி. ஓர் இரவு மூன்று மணிக்கு, "என்னை இப்படியே விட்டுரு. ஒனக்காவது தூக்கம் மிஞ்சும்" என்றேன். அவள் தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே, "அதெல்லாம் விடியக்காலைல பேசிக்கலாம், இப்பத் திரும்புங்க" என்றாள். காலையில் பேச நேரம் இருக்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. இதை மனநல ஆலோசகர் பிறகு கேட்டபோது, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் மனைவியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போன இடத்தில் கதை சொல்லியே ஆளை எழுப்பி உட்கார வைப்பார்கள். மேரி வர்கீஸ் கதையை அங்கேதான் கேட்டேன். வேலூர் சிஎம்சியில் இளம் டாக்டர். 1954 ஜனவரியில் வண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை செய்தார். நியூயார்க் போய்ப் படித்து வந்து, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். அடுத்து ஆய்க்குடி ராமகிருஷ்ணன். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவு போனது. பொறியியல் மாணவர். 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார், 2020இல் பத்மஸ்ரீ. அவரைக் கவனித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயர்தான் 'அமர்'.

கேட்டு முடித்ததும் எனக்கு ஊக்கம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. பனைக்காரர் என் காதோரம், "நாம என்னத்தத் தொடங்கறது வேதாளம்? நமக்குக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்குப் போறதே ஆய்க்குடிக்குப் போறாப்ல இருக்கு" என்றார். அவரும் நானும் அன்று முழுவதும் பத்மஸ்ரீ வாங்காத மக்களின் சங்கமாக இருந்தோம்.

கதையைவிட என்னை அசைத்தது ஒரு மதிப்பெண் பட்டியல். எஃப்ஐஎம் என்பார்கள், 1980களில் அமெரிக்காவில் உருவானது. ஓர் ஆள் எவ்வளவு தூரம் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறான் என்று அளக்கிறது. சாப்பிடுதல், குளித்தல், உடை, கழிவறை, நகர்தல், படியேறுதல், பேச்சு, நினைவு என்று 18 பாடம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. முழுக்க இன்னொருவர் செய்தால் 1. ஒரு கருவியின் துணையோடு தானே செய்தால் 6. யார் துணையும் எதன் துணையும் இல்லாமல் செய்தால் 7. நடுவில் 5 என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அது மேற்பார்வைக்கும், 'எல்லாம் எடுத்து வைத்துவிட்டால் தானே செய்துகொள்வார்' என்பதற்கும்.

பயிற்சி கொடுக்கும் பெண் கணக்குப் போட்டுக்கொண்டே, "அடிபடறதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் 7தானே?" என்று ஒப்புக்குக் கேட்டார். நான் பெருமூச்சோடு தலையாட்டினேன். பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"குளிக்கிறதுக்கு 5 போடும்மா. வெந்நீர் வெளாவி வச்சு, துண்டு எடுத்து வச்சாத்தான் உள்ள போவாரு. துண்ட மறந்துட்டா தெருவே கேக்கும். உடைக்கும் 5. சட்டைய எடுத்து வைக்கணும், பனியன் எங்கன்னு சொல்லணும். சாப்பாட்டுக்கு என்ன போடுவீங்களோ போடுங்க, தண்ணி சொம்ப மேல தூக்கி வச்சது இல்ல இதுவரைக்கும்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சிக்கல் தீர்க்கறதுன்னு ஒரு பாடம் இருக்கு" என்றார்.

"முருங்கை மரம் ஏறுன ஆளும்மா. நீங்களே போட்டுக்கங்க."

படியேறுதலில் மட்டும் முன்பு 7, இப்போது 1. அதில் யாருக்கும் வாதம் இல்லை. மற்றபடி, பயிற்சியெல்லாம் முடிந்தபோது பலகையில் சறுக்கிக் கட்டிலுக்குப் போவேன், உட்கார்ந்தே குளிப்பேன், படுத்து உருண்டு வேட்டியை விட்டுக் கால்சட்டை மாட்டுவேன். 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை சோப்புப் போட்டுக் கழுவி நானே டியூப் போட்டுச் சிறுநீர் எடுத்துக்கொள்வேன். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களை நாற்பது வருடம் நனைத்தவன், கை கழுவாமல் இப்போது ஒரு சொட்டு விடுவதில்லை. இதற்கெல்லாம் 6. என் மனைவியின் கணக்குப்படி, தண்டுவடம் முறிந்த பிறகுதான் பல பாடங்களில் நான் ஒரு மார்க் கூடுதலாக வாங்கினேன்.

இதைக் கேட்டு மனம் ஆறவில்லை. மகனிடம் புலம்பினேன், விழுவதற்கு முன் நான் எப்படி இருந்தேன் தெரியுமா என்று. அவன் செல்போனில் ஓர் ஆராய்ச்சியைத் தேடி எடுத்தான். 1978இல் வெளியானது. அமெரிக்காவின் இல்லினாய்ஸில், லாட்டரியில் பெரும்பணம் அடித்த 22 பேரையும், விபத்தில் தண்டுவடம் அடிபட்ட 29 பேரையும், ஒன்றும் நேராத 22 பேரையும் உட்கார வைத்து, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். 5க்கு லாட்டரிக்காரர்கள் 4. சும்மா இருந்தவர்கள் 3.82. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அடிபட்டவர்கள் 2.96, குறைவுதான், ஆனாலும் பாதிக்கு மேல். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியை ஒழித்துவிட்டதால், இந்த ஆராய்ச்சியில் சேர எனக்கு ஒரே ஒரு வரிசைதான் மிச்சம் என்றேன்.

"அதில்லப்பா, கீழ பாருங்க" என்றான். விபத்துக்கு முன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அடிபட்டவர்கள் கொடுத்த மார்க், ஒன்றும் நேராதவர்கள் தங்கள் பழைய நாட்களுக்குக் கொடுத்ததைவிட எக்கச்சக்கமாக அதிகம். ஆளுக்கு ஆள் ஒரு பொற்காலம் கட்டி வைத்திருக்கிறார்கள். என்னுடையதிலும் நான் அதிகாலையில் எழுந்து, தோட்டத்தில் வேலை செய்து, மனைவிக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டம் எங்களுக்கு இருந்ததே இல்லை. "நீங்க உக்காந்த எடத்துலேர்ந்துதான் காபி கேட்டீங்க. இப்பயும் உக்காந்த எடத்துலேர்ந்துதான் கேக்குறீங்க. நாற்காலில சக்கரம் வந்துருச்சு, அவ்ளோதான்" என்றாள் மனைவி. நான் இழந்துவிட்டதாக ராத்திரி ராத்திரியாக அழுத ஆளில் பாதி, இருந்தவனே இல்லை.

வீட்டுக்கு வந்தால், வீடு உள்ளே விடவில்லை. இது நானே நின்று கட்டிய வீடு. கட்டும்போது சகலை வீட்டைவிட அரையடி உயர்த்தித் தரைமட்டத்தை 3 அடியில் நிறுத்தச் சொன்னேன். மழைத் தண்ணீர் வரும் என்று கொத்தனாரிடம் காரணம் சொன்னேன். பெரம்பலூரில் மழை எவ்வளவு பெய்யும் என்று அவருக்குத் தெரியாதா? இப்போது அந்த 3 அடியை ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும், அப்போதுதான் உட்கார்ந்திருப்பவன் தானே தள்ளிக்கொண்டு ஏறலாம். ஆக 36 அடி. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இருப்பது 9 அடி.

"சார், 15 அடியில முடிச்சிரலாம். ரெண்டு பேர் பின்னாடி தள்ளுனா போதும்" என்றார் கொத்தனார்.

"அந்த ரெண்டு பேருக்கு யாரு சோறு போட்டு வச்சுக்கறது?" என்றாள் மனைவி. உத்தரவு போட நான் வாயைத் திறப்பதற்குள் உத்தரவு முடிந்துவிட்டது.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் முழுக்க ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. அதிலிருந்த நத்தையும் சிப்பியும் சிமென்ட் ஆலைகளில் வெந்து மூட்டையாகி வந்து, என் வீட்டைச் சுற்றிக் கொட்டப்பட்டன. சாய்தளம் முன்வாசலில் தொடங்கி, பக்கவாட்டுச் சந்தில் ஓடி, திரும்பும் இடத்தில் மூச்சு வாங்க ஒரு மேடை கண்டு, கொல்லைப்பக்கம் போய் முடிந்தது. அங்கே இருந்த ஒரே கதவு சமையலறைக் கதவு. எதிரே குளியலறை வேறு, கதவைவிட நாற்காலி ஒன்றரை அங்குலம் அகலம். அந்தக் கதவைச் சிக்கனமாக வைக்கச் சொன்னதும் நானே. அதை இடித்தார்கள்.

இப்படியாக, குடும்பத் தலைவர் தன் வீட்டுக்குள் சமையலறை வழியாக நுழையத் தொடங்கினார். அத்தனை ஆண்டுகளில் நான் அந்த அறைக்குள் அடுப்பு வரை போனதாக நினைவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய் வர வேண்டியிருக்கிறது! போகிற வழியில் சும்மா போக விடுவாளா? மடியில் முறத்தை வைத்தாள். சின்ன வெங்காயம். பெரம்பலூர்க்காரனாகப் பிறந்து, வெங்காயத்துக்கு உரம் விற்றே பிழைத்து, ஒரு வெங்காயம் உரித்ததில்லை நான். கைக்குப் பயிற்சி ஆயிற்று என்று தொடங்கியது, இப்போது சாம்பாருக்கு என் தயவு வேண்டியிருக்கிறது. சூடான பாத்திரத்தை மட்டும் மடியில் வைக்கக் கூடாது, வெந்தாலும் தெரியாது. மனைவியைக் கண்டு பயப்படுவது போய், அவள் இறக்கி வைக்கும் குக்கரைக் கண்டு பயப்படுகிறேன்.

கடைக்கும் போகிறேன். பக்கத்துக்கு ஒன்றாகச் சக்கரம் சேர்த்து அரசாங்கம் தரும் ஸ்கூட்டரில் ஏறி, சிமென்ட் லாரிகளுக்கு நடுவே அரியலூர் வரைகூடப் போய் வந்துவிட்டேன். மாமியார் இப்போதெல்லாம் காயைப் பறித்துப் பையில் போட்டுத் தயாராக வைத்திருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்தால் புண் வராமலிருக்கக் கால்மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். புதிதாக வருகிற விவசாயிகள் அதைப் பார்த்துப் பதறி, "இருக்கட்டும் முதலாளி, உக்காருங்க, உக்காருங்க" என்கிறார்கள். எழுந்து மரியாதை செய்யும் உரக்கடைக்காரன் என்று சுற்றுவட்டாரத்தில் பேர் கிடைத்திருக்கிறது. யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. மக்காச்சோள விதை நன்றாகப் போகிறது.

சாய்தளத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கேஸ் சிலிண்டர் போடும் தம்பி உருட்டிக்கொண்டே ஏறுகிறார். அரிசி மூட்டை தள்ளுவண்டியில் நேரே சமையலறைக்குப் போகிறது. தெருப் பிள்ளைகள் சைக்கிளில் சறுக்குகிறார்கள். முட்டிவலிக்காரர்களான பக்கத்து வீட்டுப் பெரியம்மாக்கள் சாயங்காலம் அதில் மேலும் கீழும் நடந்துவிட்டு, மூச்சு வாங்கும் மேடையில் உட்கார்ந்து என் மனைவியிடம் என்னைப் பற்றியே பேசுகிறார்கள்.

போன வாரம் சகலை வந்தார், கையில் டேப்போடு. அவருக்கும் முட்டி போய்விட்டது. படி ஏற முடியவில்லை. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார். என் சாய்தளத்தை முன்னும் பின்னும் அளந்துவிட்டு, "இவ்ளோ நீளம் எதுக்கு சகல? நான் 20 அடியில முடிச்சிரலாம்னு பாக்குறேன்" என்றார்.

"தரைமட்டம் எவ்வளவு ஒசரம் வைக்கிறீங்க?" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டினார். "மழத்தண்ணி வருதுல்ல" என்றார். "மூணரை அடி."

நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவருக்காகக் கணக்குப் போட்டேன். "42 அடி ஆகும் சகல. திரும்புற எடத்துல மேடை தனி. நல்ல கொத்தனார் இருக்காரு, சொல்லி விடட்டுமா?"

"மொதல்ல ஒரு காபி போடச் சொல்லுங்க" என்றார்.

மனைவி அரியலூருக்குப் போயிருந்தாள். நாற்காலியை அடுப்புப் பக்கம் திருப்பினேன்.